பட்டியலில் இல்லாத காரணம்

ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லும்போது எல்லோரும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வோம். எதிரில் இருப்பவர் முகம் சுளித்தால் ஒரு வார்த்தையைக் குறைப்போம். தலையாட்டினால் ஒன்றைக் கூட்டுவோம். அவர் மாற்ற மாட்டார். முதல்முறை சொன்ன அதே வாக்கியத்தை, அதே வார்த்தைகளில், குரலைக்கூட உயர்த்தாமல் ஏழாவது முறையும் சொல்வார்.

மராத்தி பேசும் வாகட்டில் எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஷேர் ஆட்டோக்காரர்கள் சிக்னலுக்கு முன்பே எல்லோரையும் இறக்கிவிட்டுவிடுவார்கள். அந்தப் பக்கம் போனால் போலீஸ் பிடிக்கும் என்பார்கள். நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி நடப்போம். அவர் மட்டும் இறங்காமல், "சிக்னல் தாண்டி நிறுத்துங்க பையா" என்று இந்தியில், அண்ணா என்கிற மரியாதையோடு சொல்வார். டிரைவர் போலீஸைப் பற்றிச் சொல்வார். "சிக்னல் தாண்டி நிறுத்துங்க பையா." டிரைவர் தன் தலைவிதியைப் பற்றிச் சொல்வார். "சிக்னல் தாண்டி நிறுத்துங்க பையா." ஐந்தாவது முறைக்குள் ஆட்டோ சிக்னலைத் தாண்டியிருக்கும். கோபமே இருக்காது அந்தக் குரலில். அதுதான் எதிராளியைச் சோர வைக்கும் என்று நினைக்கிறேன். சண்டைக்கு வந்தால் பதிலுக்குச் சண்டை போடலாம். இவரை என்ன செய்வது?

அவர் எனக்குக் கீழே வேலை பார்த்தார். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. அவருக்கு நாற்பத்தெட்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான செயலி ஒன்றைச் செய்து விற்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. யார் கேட்டுக்குள் வருகிறார்கள், லிஃப்ட் ஏன் நின்றுவிட்டது, தண்ணீர் டேங்கர் எத்தனை வேண்டும் என்பதையெல்லாம் அந்தச் செயலியில்தான் பதிவார்கள். அதில் பிழை தேடிப் பதிகிற டெஸ்டர்கள் மூன்று பேருக்கு நான் லீட், அதாவது குழுத்தலைவன். அந்த மூன்றில் ஒரு இடம் காலியாகவே இருந்தது. வருகிற இருபத்திரண்டு வயதுப் பையன்கள் வேலையைக் கற்றுக்கொண்ட மறுமாதம் ஹிஞ்சவடியில் பெரிய கம்பெனிக்குப் போய்விடுவார்கள். ஒருவன் மதியம் சாப்பிடப் போனவன் திரும்பியே வரவில்லை. அவனுடைய டிபன் பாக்ஸ் மட்டும் ரொம்ப நாள் அலமாரியில் இருந்தது.

அந்த இடத்துக்குத்தான் அவர் விண்ணப்பித்திருந்தார். நாங்கள் கேட்டது இரண்டு வருஷ அனுபவம். அவருக்கு இருபத்திரண்டு. எம்.டெக். கடைசியாக ஒரு பெரிய கம்பெனியில் நூற்றுச் சொச்சம் பேரை மேய்த்துக்கொண்டிருந்தவர். நேர்காணல் அறையில் எங்கள் டெவலப்மென்ட் தலைவர் அவருடைய நாலு பக்க பயோடேட்டாவைப் புரட்டிவிட்டு என் பக்கம் சாய்ந்து, "இவங்க நம்மள இன்டர்வியூ பண்ண வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

ஹெச்.ஆர். மேடம் நேரடியாகவே கேட்டார். "எதுக்கு இவ்வளவு கீழே இறங்கி வர்றீங்க?"

"எனக்குப் பிடிச்ச வேலை இது. என் கையால செய்யணும்."

இந்தியில்தான் சொன்னார். தமிழில் அது இவ்வளவுதான். பதினான்கு வருஷமாகத் தான் ஒரு மென்பொருளையும் தொட்டுச் சோதித்ததில்லை என்றும், மற்றவர்கள் சோதித்ததைப் பற்றிக் கூட்டங்களில் பேசிக்கொண்டே இருந்ததாகவும் ஒரேயொரு முறை விளக்கினார். அப்புறம் விளக்கவில்லை.

"வீட்டில் ஏதாவது கஷ்டமா?"

"இல்லையே. எனக்குப் பிடிச்ச வேலை இது. என் கையால செய்யணும்."

"மூன்று மாதத்தில் போர் அடித்தால்?" என்றார் டெவலப்மென்ட் தலைவர்.

"அடிச்சா சொல்லிட்டுப் போவேன். சொல்லாமப் போற வயசு எனக்கு இல்ல."

நான் அலமாரியில் இருந்த டிபன் பாக்ஸை நினைத்துக்கொண்டேன்.

செய்துகாட்டச் சொல்லி ஒரு பக்கத்தைக் கொடுத்தோம். நாற்பது நிமிஷத்தில் பதினோரு பிழைகள் கண்டுபிடித்தார். அதில் நாலு, நானே ஒரு வருஷமாகப் பார்த்தும் பார்க்காதவை. எனக்கு அவர் வேண்டும் என்று தோன்றியது. அதே நேரம் இன்னொன்றும் தோன்றியது. இவர் வந்தால் என் நாற்காலி எத்தனை நாள் நிற்கும்?

ஆனாலும் லிஃப்ட் வரை கூடவே போனேன். பெயரைப் பார்த்தே தமிழ் என்று தெரிந்திருந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்ல, அதனால பெரிய பொறுப்பெல்லாம் வேணாம்னு விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உடனே முடிஞ்சிடும்."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "எங்க வீட்ல எல்லாருக்கும் உடம்பு நல்லாத்தானே இருக்கு. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான் மேடம்."

"எனக்குப் பிடிச்ச வேலை இது. என் கையால செய்யணும்" என்றார். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீடு தேஹு ரோட்டில். அப்பா ராணுவ டிப்போவில் மூட்டையும் பெட்டியும் ஏற்றி இறக்கியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எட்டாம் வகுப்பிலிருந்தே எங்கள் வரிசை வீடுகள் முழுவதற்கும் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. ரேஷன் கார்டு, பென்ஷன், ஸ்காலர்ஷிப் எல்லாம். அப்போது ஒன்று கற்றுக்கொண்டேன். ஃபாரத்தில் உண்மையான காரணத்தை எழுதினால் திரும்பி வரும். எது எழுதினால் சீல் விழும் என்று பார்த்து அதை எழுத வேண்டும். அது பொய் என்று எனக்கோ, கைநாட்டு வைத்தவர்களுக்கோ ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவரைப் பற்றி வீட்டில் சொன்னேன்.

"பெரிய ஆபீசரா இருந்துட்டு லோடிங்ல வந்து நிக்கிறன்னா எவன்டா நம்புவான்?" என்றார் அப்பா. "எதுனா என்கொயரி இருக்கும். நல்லா விசாரி."

"நீ சும்மா இருய்யா" என்றார் அம்மா. "அந்தம்மா ஊட்டுக்காரருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியோ என்னாவோ. பாவம்."

இரண்டு பேருமே அவர் சொன்ன காரணத்தைக் காதில் வாங்கவில்லை. நானும் முழுசாக நம்பவில்லை என்பதே உண்மை. மேலே ஏறுவதற்காகவே படித்தவன் நான். ஒருத்தர் ஏறின பிறகு தானாக இறங்குவார் என்று எப்படி நம்புவேன்?

மறுநாள் அவரை எடுப்பதாக முடிவாகி, கம்ப்யூட்டரில் பணியேற்புப் படிவத்தை நான் நிரப்பினேன். அனுபவம் இருபத்திரண்டு வருஷம் என்று போட்டதும் சிவப்பாக ஒரு கட்டம் திறந்தது. 'தகுதி தேவைக்கு மிக அதிகம். காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்.' கீழே ஐந்து வரி இருந்தன. குடும்பத்தினர் உடல்நலம், குழந்தைகளின் படிப்பு, ஊர் மாற்றம், இடைவெளிக்குப் பின் திரும்புதல், கடைசியாக, மற்றவை. பிடித்திருக்கிறது என்று எங்கும் இல்லை. மற்றவை என்று போட்டால் படிவம் டைரக்டர் மேஜைக்குப் போகும். அவர் பானேரில் வேறு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர். அங்கே போன படிவம் எதுவும் நல்லபடியாகத் திரும்பி வந்ததில்லை.

முதல் வரியை அழுத்தினேன். ஒரு விநாடி வேலை. பச்சை டிக் விழுந்தது. லிஃப்ட் வாசலில் அவர் கூடாது என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னதைத்தான் அவர் பெயரில் செய்தேன். நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

திங்கட்கிழமை வந்து சேர்ந்தார். முதல் நாளே என்னை 'லீட்' என்று கூப்பிட ஆரம்பித்தார். "என்ன லீட், இன்னிக்கு எந்தப் பக்கம்?" கிண்டலோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். இல்லை. அவருக்கு அது அந்த நாற்காலியின் பெயர். அவ்வளவுதான்.

அவர் பதிந்த பிழைகளில் டேங்கர் பிழை எங்கள் அலுவலகத்தில் பெரிய கதையாகிவிட்டது. 'இரண்டு டேங்கர் கேட்டு ஒன்றை ரத்து செய்தால் இரண்டும் வருகின்றன' என்று பதிந்தார். டெவலப்பர் பையன், 'யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள்' என்று எழுதி மூடினான். மறுநாள் காலை அவர் அதைத் திறந்து, 'இரண்டு டேங்கர் கேட்டு ஒன்றை ரத்து செய்தால் இரண்டும் வருகின்றன' என்று எழுதினார். அவன் மூடினான். அவர் திறந்தார். நாலு முறை. ஐந்தாவது வாரம் நிஜமாகவே ஒரு குடியிருப்பின் கேட்டில் இரண்டு டேங்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, பள்ளிக்கூட பஸ்ஸும் மாட்டிக்கொண்டு, அந்தக் குடியிருப்பின் செக்ரட்டரி டைரக்டரையே போனில் கூப்பிட்டுக் கத்திவிட்டார்.

டெவலப்பர் பையன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வந்தான். "அக்கா, நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"ஜெயிக்கிறதுக்கு என்னடா இருக்கு? ரெண்டும் வருது. அதான் சொன்னேன்."

டெஸ்டர் வேலையைத் தாண்டி அவரிடமிருந்து ஒன்றும் பெயராது. இது எனக்கு ரொம்ப நாள் மனத்தாங்கலாக இருந்தது. ஒருமுறை விடுமுறை விஷயமாக என் டீமில் மற்ற இரண்டு பேருக்கும் பெரிய தகராறு. நூறு பேரை மேய்த்தவராயிற்றே, எப்படித் தீர்ப்பது என்று அவரிடம் போய்க் கேட்டேன்.

"அது லீடோட வேலை. நான் டெஸ்டர்."

"இல்ல மேடம், நீங்க என்ன பண்ணுவீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"நான் அந்த வேலையை விட்டுட்டு வந்துட்டேன் லீட்" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நானே போய்ப் பேசி, பாதி கெடுத்து, பாதி சரி செய்தேன். என் நாற்காலிக்கு அவரால் ஆபத்தில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஆனால் நான் அழுத்திய அந்த ஒரு வரி, எனக்குத் தெரியாமலே வளர்ந்துகொண்டிருந்தது. ஹெச்.ஆர். மேடம் நல்ல மனசுக்காரர். வியாழக்கிழமைகளில் அவரை ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போகச் சொன்னார். மாதம் ஒருமுறை ஆளந்திக் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தால் முதல் பிரசாதம் அவருக்குத்தான்.

"ஆபீஸ்னா இப்படி இருக்கணும் லீட்" என்று சந்தோஷமாக என்னிடம் சொன்னார் அவர். "மாசாமாசம் பிரசாதம் குடுக்கறாங்க. எங்க பழைய எடத்துல ஒரு பிஸ்கட் குடுக்க மாட்டாங்க." நான் டீ டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். அவருடைய கணவர் ஒருநாள் மறந்துபோன சாவியைக் கொடுக்க சைக்கிளில் வந்தார். பேங்க் அதிகாரி. அரை டிராயர் போட்டுக்கொண்டு மூன்று மாடியையும் படியிலேயே ஓடி ஏறி வந்த மனிதர். ஹெச்.ஆர். மேடம் அன்று லீவில் இருந்தார். நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

ஆறு மாதம் முடிந்து வேலையை நிரந்தரமாக்குகிற கூட்டம் வந்தது. ஹெச்.ஆர். மேடம், அவர், நான். மூன்று பேர்தான்.

"வீட்டில் இப்போது எல்லாம் பரவாயில்லையா?" என்று ஹெச்.ஆர். மேடம் மென்மையாகக் கேட்டார்.

"எப்பவும் நல்லாத்தான் இருக்கு."

"சந்தோஷம். ஆனால் டைரக்டர் ஒன்று கேட்கிறார். நோயாளி குணமாகிவிட்டால் நீங்கள் பழைய வேலைக்கே திரும்பிவிடுவீர்கள், பிறகு எதற்கு நிரந்தரமாக்க வேண்டும் என்கிறார்."

"யாருக்கு நோய்?"

ஹெச்.ஆர். மேடம் குழப்பத்தோடு கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். எதையும் இரண்டு முறை படிப்பது அவர் வழக்கம். அதையும் இரண்டு முறை படித்தார்.

"இது தப்பு. எங்க வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்ல."

ஹெச்.ஆர். மேடத்தின் முகம் மெல்ல மெல்ல இறுகியதைப் பார்த்தேன். ஆறு மாதம் வேண்டிக்கொண்ட முகம் அது. பதிவில் பொய்த்தகவல் இருந்தால், தகுதிகாண் காலத்தில் ஒரே நாளில் வேலையிலிருந்து எடுத்துவிடலாம் என்று விதி இருப்பதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமையோடு தகுதிகாண் காலம் முடிகிறது. அன்று சாயங்காலத்துக்குள் டைரக்டர் அனுமதி வராவிட்டால் அவருடைய லாகின் தானாக மூடிக்கொள்ளும். கூட்டம் நடந்தது செவ்வாய்க்கிழமை.

"நான் இதை எழுதல" என்றார் அவர்.

அறையில் இருந்த மூன்றாவது ஆள் நான். நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வெளியே படிக்கட்டில் அவர் நின்றார். "யாரு எழுதினது தம்பி?"

ஆறு மாதத்தில் முதல்முறையாகத் தம்பி. பாசத்தில் வந்ததில்லை. என்னை அந்த நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்.

"நான்தான் மேடம்."

"வேணாம்னு சொன்னேன்ல?"

"அந்த லிஸ்ட்ல உங்க காரணம் இல்ல மேடம். மத்தவைன்னு போட்டா டைரக்டர்கிட்ட போயிடும். வேலை போயிடுமோன்னுதான்..."

"அப்ப லிஸ்ட்டுதான தப்பு? நான் எப்படித் தப்பாவேன்?" குரல் உயரவில்லை. "ஆறு மாசமா அந்தம்மா குடுத்த பிரசாதத்தைத் தின்னுட்டு, நல்ல ஆபீஸ்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். இனி அந்தம்மா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

அவர் ஒரு படி இறங்கித் திரும்பினார்.

"சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். நீங்க போய்ச் சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன். ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி."

நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். தப்பிக்க ஒரு வழி இருந்தது, அதை மறைக்க மாட்டேன். படிவம் தானாகவே முதல் வரியை எடுத்துக்கொண்டது, அது மென்பொருள் பிழை என்று சொல்லிவிடலாம். நான் சொன்னால் நம்புவார்கள். பிழைகளைப் பற்றிச் சொல்வதுதானே என் தொழில். அப்பா டிப்போ முழுக்க என் மகன் லீட் என்று சொல்லி வைத்திருந்தார், அர்த்தம் தெரியாமலே. அந்த வார்த்தையைக் காப்பாற்ற ஒரு சின்னப் பிழை போதும்.

ஆனால் அவர் அதைச் சோதித்துப் பார்ப்பார். படிவத்தைத் திறந்து, இருபத்திரண்டு என்று போட்டு, எதையும் தொடாமல் காத்திருந்து, தானாக எதுவும் விழவில்லை என்று பார்ப்பார். அப்புறம் ஒரே வாக்கியம் எழுதுவார். அந்த வாக்கியம் மாறவே மாறாது. அதை நினைத்ததும் எழுந்துவிட்டேன். நேர்மை என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயம் பாதி இருந்தது. ஆனால் எழுந்த பிறகு உட்காரவில்லை.

ஹெச்.ஆர். மேடம் நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு மராத்தியில் சொன்னார். "இந்த மழைக்காலத்தில் ஆளந்திக்கு நடந்தே போனேன் தெரியுமா? பார்த்தே இராத ஒரு நோயாளிக்காக." அதற்கு அப்புறம் அவர் ஹெச்.ஆர். ஆகிவிட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு வருஷம் நேர்காணலில் உட்காரக் கூடாது. லீட் வேலையைச் செய்யலாம், சம்பள உயர்வு கிடையாது. அவருடைய படிவத்தைத் திருத்த அனுமதி கொடுத்தார். ஆனால் இனி எல்லாம் டைரக்டர் கையில் என்றார்.

புதன்கிழமை காலை அவர் என் பக்கத்தில் நின்றார். நான் படிவத்தைத் திறந்து, மற்றவை என்பதை அழுத்தினேன். காலிக் கட்டம் வந்தது.

"சொல்லுங்க மேடம்."

"எனக்குப் பிடிச்ச வேலை இது. என் கையால செய்யணும்." ஆங்கிலத்தில்தான் எழுதினோம். அவர் எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் திரும்பி வந்தது. 'தெளிவாக எழுதவும்' என்றிருந்தது. நான், "இன்னும் ரெண்டு வரி சேத்துக்கலாமா மேடம்? பழைய வேலையைப் பத்தி?" என்றேன்.

"தெளிவாத்தான் இருக்கு. அதையே அனுப்புங்க தம்பி."

வியாழன் காலை, 'வேறு காரணம் ஏதும் உண்டா?' அதையே அனுப்பினோம். வியாழன் மாலை ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது. அதையே அனுப்பினோம். நான் படிவத்தை மறுபடி மறுபடி திறந்து பார்த்தேன். அவர் அனுப்பிவிட்டு இடத்துக்குப் போய், லிஃப்ட் புகார் பக்கத்தில் விட்ட இடத்திலிருந்து சோதிக்க ஆரம்பித்தார். ஹெச்.ஆர். மேடத்திடம் மட்டும் அன்று தனியாகப் போய் அரை மணி நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வரும்போது இரண்டு பேரின் கண்ணும் சிவந்திருந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணி. ஐந்து மணி. ஐந்தரை. என் டீமில் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. டேங்கர் பிழை டெவலப்பர் பையனும் வந்து நின்றான். ஆறு மணிக்கு லாகின் மூடும். அவர் மட்டும் பிழை ஒன்றைப் பதிந்துகொண்டிருந்தார்.

"அக்கா, இப்பவுமா?" என்றான் அவன்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்குல்ல?"

ஆறுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது படிவத்தில் பச்சை டிக் விழுந்தது. டைரக்டர் ஒரு வார்த்தை எழுதியிருந்தார். 'சரி.' பையன் கத்தினான். அவர் திரையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தான் எழுதிக்கொண்டிருந்த பிழையை முடித்துப் பதிந்தார். அது பணியேற்புப் படிவத்தைப் பற்றியது. 'காரணப் பட்டியலில், வேலை பிடித்திருக்கிறது என்று தேர்ந்தெடுக்க வழி இல்லை.'

திங்கட்கிழமை அதை யாரோ மூடினார்கள். 'அமைப்பே அப்படித்தான்.' செவ்வாய்க்கிழமை அவர் திறந்தார்.

அதன்பிறகு வேலை வழக்கம்போல நடந்தது. நான் சொன்ன பக்கத்தை அவர் சோதித்தார். மதியம் சேர்ந்து சாப்பிட்டோம். அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டுக் குழம்பை அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். பேச்சில் எந்த விலகலும் இல்லை. ஆனால் தம்பி, தம்பிதான். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும், "தம்பி, நாளைக்கு எந்தப் பக்கம்?" என்பார். மற்றவர்கள் அதைப் பாசம் என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஏற்கனவே சொன்ன ஏதோ ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பச் சொல்லியிருப்பார்.

ஒரு வருஷத் தடை முடிந்து நான் மறுபடி நேர்காணலில் உட்கார்ந்த முதல் வாரமே ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்தவர். வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பதில் சொல்கிற, எங்களிடம் இருப்பதிலேயே சின்ன வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். "எதுக்கு?" என்று கேட்டோம். "ஒருத்தருக்கு ஒரு கேள்வி, அதுக்கு ஒரு பதில், அப்புறம் அடுத்தவர். இது எனக்குப் போதும், பிடிச்சிருக்கு" என்றார். வீட்டில் யாருக்கு என்ன என்று நான் கேட்கவில்லை.

படிவத்தைத் திறந்தேன். சிவப்புக் கட்டம் வந்தது. அதே ஐந்து வரிகள். அந்தப் பட்டியலைப் பற்றி எங்கள் டெஸ்டர் மேடம் பதிந்த பிழை அப்போது பதினேழாவது முறையாகத் திறந்திருந்தது.

மற்றவை என்பதை அழுத்தி, அந்த மனிதர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். 'தெளிவாக எழுதவும்' என்று திரும்பியது. அதையே அனுப்பினேன். 'இவருக்கு உடல்நிலை ஏதும்?' என்று திரும்பியது. முதல் வரி கட்டத்தில் மேலேயே இருந்தது. ஒரு விநாடி வேலை. அதையே அனுப்பினேன். மறுநாள் கேள்விக்குறி வந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கையில் டீ டம்ளரோடு அவர் என் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. திரையை இரண்டு முறை படித்தார்.

"எத்தனாவது தடவை?"

"மூணு."

"வாக்கியம் மாறுச்சா?"

"இல்ல மேடம்."

டீயை ஒரு வாய் குடித்தார்.

"அப்ப அனுப்புங்க லீட்."